வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இருந்த வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்குகிறது. இந்தப் பள்ளியின் பிள்ளைகள் தங்கள் வகுப்புக்கு ஏற்றபடி சரளமாக வாசிக்கிறார்கள் என்று அதில் அச்சடித்திருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்ற முறையில் மாதத்துக்கு ஒருமுறையாவது நான் அந்த அறையில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்காரும்போதெல்லாம் அதைக் கழற்றித் தரையில் போட்டு உடைக்கக் கை துறுதுறுக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மரக்காணம் உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உடைக்கவில்லை. அது அங்கே வந்து தொங்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நான் உப்பு வாருகிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அளத்தில்தான் வேலை. என் வீட்டுக்காரர் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டுகிறவர். பத்தாவது வரை படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் பத்தாவது தொட்டவள் நான் ஒருத்திதான். அதனால் யாருக்கு முதியோர் பணம் நின்றாலும், ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனாலும், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உயர்திரு ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்து எழுதிக் கொடுப்பேன். அப்படி எழுதி எழுதித்தான் இதையும் எழுதுகிற துணிச்சல் வந்தது. பள்ளிக் குழுவுக்குத் தலைவியைத் தேர்ந்தெடுத்த அன்று நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எல்லாரும் கை தூக்கி முடித்துவிட்டார்கள். இப்படி ஊருக்கே மனு எழுதுகிறவள், தான் பெற்ற மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவள் ஆறாம் வகுப்புக்குப் போகும் வரை கண்டுபிடிக்கவில்லை.

தெரிந்ததும் தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காது குத்துப் பத்திரிகை ஒன்று வந்திருந்தது. கை ஈரமாக இருந்ததால், "எந்த ஊர்ல வச்சிருக்காங்கன்னு பாருடி," என்றேன்.

பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரக்காணந்தாம்மா," என்றாள்.

தேதியைக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். எண் தெரியும். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தால் பிரம்மதேசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விளையாடுகிறாள் என்று நினைத்து அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் பாடத்தை எடுத்துத் தடங்கலே இல்லாமல் படித்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் மேல் என் கையை வைத்து மூடினேன். அவள் நிறுத்தவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே பாடம் முடியும் வரை படித்தாள்.

அன்று அவளை அடித்தேன். இதை எழுதும்போது விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விட மனம் வரவில்லை. அடித்துவிட்டு, "அஞ்சு வருஷமா அங்க என்னடி பண்ண?" என்று கத்தினேன். அழுதுகொண்டே சொன்னாள்: முன் பெஞ்சில் இருக்கும் பெண் ஒருத்தி ஒவ்வொரு வரியாகப் படிப்பாளாம், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்னாலேயே சொல்வார்களாம். சத்தம் நன்றாக வந்தால் டீச்சர் சரி என்று விட்டுவிடுவாராம். என் மகளுக்குக் குரல் பெரிது. ஐந்து வருடமும் அந்தக் குரலை வைத்தே ஓட்டியிருக்கிறாள்.

யாரைக் குற்றம் சொல்வது? இவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாடமெல்லாம் போனில் வருகிறது என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அதில் வந்த ஒரே பாடம், கை கழுவுங்கள் என்று இருமிக்கொண்டே சொன்ன குரல். பள்ளி திறந்தபோது பிள்ளைகள் இரண்டு வகுப்பைத் தாண்டி உட்கார்ந்திருந்தார்கள். விட்டுப்போன அ ஆவை யார் எடுப்பார்கள்? எடுக்க யாரும் இல்லை. மூன்று வகுப்புக்கு ஒரு டீச்சர். அளத்தில் வேலை நடக்கும் எட்டு ஒன்பது மாதமும் நாங்கள் விடியற்காலை மூன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவோம். சின்னதைக் குளிப்பாட்டுவதும், சோறு வடிப்பதும், அதைத் தூக்கிக்கொண்டு போய் அங்கன்வாடியில் விடுவதும் பெரிய பிள்ளைகள்தான். அதையெல்லாம் முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். முதல் பாடம் எப்போதும் தமிழ்.

நீயே சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். சாயங்காலம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தூக்கம் வரும், இல்லாவிட்டால் கோபம் வரும். எனக்கு எழுத்து எப்படி வந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. வராத ஒருத்திக்கு அதை எப்படி வரவைப்பது என்பது தனி வித்தை, அது எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் என் மகள் புத்தகத்தைப் பார்த்தாலே தோளைக் குறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அடி விழும் என்று. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அளத்தில் கூட வேலை செய்கிற பெண்களிடம் ஒவ்வொருத்தியாகச் சொன்னேன், உங்கள் பிள்ளைகளைப் படிக்கவிட்டுப் பக்கத்தைக் கையால் மூடிப் பாருங்கள் என்று. மறுநாள் காலையில் உப்பு வாரும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே தெரிந்தது. ஆறிலும் ஏழிலும் இருந்து வாசிக்கத் தெரியாத அளத்துப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணினேன், இரண்டு கை போதவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தப் படிவம் வந்தது. சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை அரசுப் பள்ளிகளுக்கு நிதி தருகிறதாம். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு டீச்சரை இரண்டு வருடத்துக்குப் போடுவார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்றவர். நாலைந்து பிள்ளைகளாக உட்காரவைத்து எழுத்திலிருந்து ஆரம்பிப்பார். புத்தகமும் தருவார்கள். படிவத்தில் தலைமையாசிரியரும் குழுத் தலைவியும் கையெழுத்துப் போட வேண்டும். என் மகள் எட்டாவது முடிப்பதற்குள் வாசிக்க வேண்டும் என்றால் இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. எட்டுவரை யாரையும் ஃபெயிலாக்க மாட்டார்கள். ஒன்பதாவதில் பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டால் ஒரே மாதத்தில் நின்றுவிடுவாள். நின்ற பெண்கள் எங்கே வருவார்கள் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்துப் பாத்திக்கு வருவார்கள்.

தலைமையாசிரியர் படிவத்தை நிரப்பி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். நான் முழுவதையும் படித்தேன். பள்ளியில் உள்ள குறைபாடு என்ற இடத்தில், குறைபாடு ஏதும் இல்லை, சுவரில் மாட்டும் பெரிய டிவியும் பெயின்ட்டும் தேவை என்று எழுதியிருந்தார்.

"சார், பசங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு எழுதலையே," என்றேன்.

"ஏம்மா, அத நாமளே எழுதிக் குடுப்போமா? எல்லாரும் நல்லா படிக்கிறாங்கன்னு ஆன்லைன்ல ஏத்தியிருக்குது. இப்ப இதுல மாத்தி எழுதினா என்னைத்தான் கூப்பிட்டு வச்சிக் கேப்பாங்க."

"ஏத்துனது யாரு சார்?"

கெட்ட மனிதர் இல்லை அவர். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். சாக்பீஸிலிருந்து சத்துணவுக் கணக்கு வரை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். மாதக் கடைசியில், மேலே இருந்து கேட்கும்போது, எல்லாப் பெயருக்கும் நேராக ஒரே மாதிரி டிக் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார். ஒரு டிக் போட ஒரு நொடி. என் மகளுக்கு ஐந்து வருடம்.

திருத்தாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்து, "உன் இஷ்டம்மா," என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். குறைபாடு ஏதும் இல்லை என்பதை அடித்துவிட்டு, அளத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது என்று என் கையால் எழுதினேன். நான் எழுதிய மனுக்களிலேயே சின்னது அதுதான்.

பத்து நாளில் பதில் வந்தது. நேரில் வந்து பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பார்ப்பார்களாம், பார்த்துவிட்டுத்தான் டீச்சர். வியாழக்கிழமை காலை பதினோரு மணி. நான் அளத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சொன்னேன்: வியாழக்கிழமை ஒரு பிள்ளைகூட வீட்டில் நிற்கக் கூடாது, சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளிடமும் சொன்னேன், நான் சொல்லும் வரை ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று. என் மகளுக்கு யூனிஃபார்மைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுவிட்டேன். கூப்பிட்டால் போய் நேராக உட்கார், கேட்டதற்குப் பதில் சொல் என்றேன். எதற்காக வருகிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது என்பதை அவர்களுக்குக் காட்டத்தான் என்று பெற்ற வாயால் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆறும் ஏழும் எதிர் வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. அத்தனை அளத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் பள்ளிக்கு வந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. சாப்பாட்டு மணி அடித்து, தட்டு கழுவி, மறுபடி உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் இரண்டு முறை போன் போட்டார், மணி அடித்து நின்றது. "வர்ற மாதிரி தெரியலம்மா," என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

இரண்டு மணிக்கு மேற்கே மோடம் ஏறியது.

மழைக்கருக்கலுக்கு எங்கள் பக்கத்தில் மோடம் என்றுதான் பேர். வெளியூர்க்காரர்களுக்கு அது குடை எடுக்கிற விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு வாரமாக வாரிய உப்பு லாரிக்காகக் கரையில் குவிந்து கிடக்கும். அதன் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் மண் அணைக்காவிட்டால் ஒரு மழைக்குப் பாதி உப்பு கரைந்து ஓடிவிடும். காற்றடிக்கும்போது தார்ப்பாயைப் பிடிக்க எத்தனை கை இருந்தாலும் போதாது. அதனால் மோடம் ஏறினால் கால் இருக்கிறவர்கள் எல்லாரும் அளத்துக்கு ஓடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுவான். பள்ளிக்கூடத்திலும் அளத்துப் பிள்ளைகள் பையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள், டீச்சர்களும் ஏன் என்று கேட்பதில்லை. என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

முதல் இடி கேட்டது. நான் எதிர் வகுப்பைப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் எழவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான்தானே எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்! என் மகள் பெஞ்சின் நுனிக்கு வந்து ஒரு காலைக் கீழே ஊன்றி வைத்திருந்தாள். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னபடி அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எழுந்தது நான். பதினோரு மணி என்றவர்கள் இரண்டரைக்கு மேலும் வரவில்லை, இனிமேல் வரவா போகிறார்கள் என்று ஒரு பக்கம் நினைத்தேன். இன்னொரு பக்கம் எதையுமே நினைக்கவில்லை. இருபது வருடமாக மோடத்தைக் கண்டால் ஓடிய கால் ஓடிவிட்டது. வகுப்பு வாசலில் நின்று, "எந்திரிங்கடா, ஓடுங்க!" என்று கத்தினேன். நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் முன்னால் ஓட, பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள்.

முக்கால்வாசிக் குவியலை மூடிவிட்டோம். காற்று தார்ப்பாயோடு பிள்ளைகளையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. என் மகள் ஒரு மூலையைப் பிடித்து அதன் மேலேயே படுத்துவிட்டாள், நான் மண்ணை அணைத்தேன். கடைசித் தார்ப்பாய்க்கு மண் அணைக்கும்போது மழை கொட்டியது. எல்லாரும் தொப்பலாக நனைந்து நின்று சிரித்தோம். குத்தகைக்காரர் வண்டியில் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷமாகத்தான் இருந்தது அப்போது, பொய் சொல்வானேன்.

மழை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன், பைகள் அங்கேதானே இருக்கின்றன. ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தபோது எதிரே வெள்ளைக் கார் ஒன்று வந்தது. தண்ணீர் அடிக்காமல் மெதுவாகத்தான் போனார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் எல்லாரும் கை ஆட்டினார்கள். அவரும் கை ஆட்டினார். கார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். அது பாண்டிச்சேரிப் பக்கம் திரும்பிவிட்டது.

தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டே முக்காலுக்கு வந்தார்களாம். வழியில் வேறொரு பள்ளியில் தாமதமாகிவிட்டதாம். வகுப்பில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களாம். இருந்தவர்கள் யார்? மீனவர் குப்பத்துப் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நிலம் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள். மோடம் ஏறினால் எழுந்து ஓட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்.

"எல்லாப் பசங்களும் பளிச்சுன்னு படிச்சாங்கம்மா. மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம்," என்றார்.

"அளத்துப் பசங்க வெளிய போயிருக்காங்கன்னு சொன்னீங்களா சார்?"

"மழை வந்ததால கொஞ்சம் பேரு போயிட்டாங்கன்னு சொன்னேன்."

"எந்தக் கொஞ்சம் பேருன்னு சொன்னீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவையில் சேறும் உப்புமாக நின்றிருந்தேன்.

"என்னைக் கேக்கறியா? நீதானேம்மா கூட்டிக்கிட்டுப் போன?"

வீட்டுக்கு வந்து தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகள், வகுப்பிலேயே இருந்து அட்டையைப் படித்த பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு உட்கார்ந்து, அந்த அட்டையில் என்ன கதை இருந்தது என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து மணி தொலைந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியின் கதையாம். இரண்டு பேரும் அதை வரிக்கு வரி மாறி மாறிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சான்றிதழும் ஒரு கடிதமும் வந்தன. எங்கள் பள்ளியைப் பாராட்டியிருந்தார்கள். இங்கே தேவை இல்லாததால் அந்த நிதியை இன்னும் தேவைப்படும் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். எந்தப் பள்ளி என்று போடவில்லை. அங்கேயும் யாரோ ஒரு தாய் கையால் பக்கத்தை மூடிப் பார்த்திருப்பாள், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் கோபமெல்லாம் அந்தக் கடிதத்தின் மேல்தான். பாராட்டி ஒருவனை நாசமாக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கடிதத்தின் அடியில் பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் அவர்களுடைய கிளை அலுவலகத்தின் விலாசம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள். "ஒரு மேடத்தைப் பாக்க," என்றேன். அன்றும் அதற்கு மேல் சொல்லவில்லை.

மாடியில் ஏசி போட்ட அறை. காரில் கை ஆட்டிய அதே பெண். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் படிவத்தில் எழுதியது, பதினோரு மணி, மோடம், ஓடியது, எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது என்பது பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கவலை புரியுதுங்க. ஆனா நாங்க நேர்ல வந்து பாத்தோமே. பேரன்ட்ஸ் நிறைய பேரு தன் குழந்தைக்கு ஒண்ணும் தெரியலன்னுதான் நினைப்பாங்க," என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "நீ படிச்சுக் காட்டுறியாடா கண்ணு?" என்று ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

மேலே மணி கட்டிய ஆட்டுக்குட்டியின் படம் இருந்தது.

என் மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நேராக உட்கார்ந்து, முதல் வரிக்கடியில் விரலை வைத்து, பெரிய குரலில் ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. அந்தப் பெண் அவள் முகத்தையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைப் பார்த்தேன். கதை முடிந்துவிட்டது, விரல் இன்னும் மூன்றாவது வரியில் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? எவ்வளவு அழகா படிக்கிறா!" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த அவர்களுடைய பாராட்டுக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில், 'எங்கள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார்' என்று எழுதினேன். மனுவுக்கு எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பெரிதாக எழுதினேன். மகள் முன்னால் வைத்து, "இதைப் படி," என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். விரல் முதல் சொல்லைத் தாண்டிப் போய் நின்றது. "அம்மா," என்றாள். அதோடு சரி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தாளை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. அந்தப் பெண் போதும் என்று சொல்லும் வரை, என் பிள்ளையின் காது சிவந்து கண் நிரம்பும் வரை, அப்படியே வைத்திருந்தேன். பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

"சாரிங்க," என்றார் அந்தப் பெண். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த வருட நிதியைப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்களாம். அடுத்த வருடம் புதிதாகப் படிவம் போட வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். சரளமாக வாசிக்கிறார்கள் என்று இவர்களே எழுதிக் கொடுத்ததைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிற மனிதர், அதே பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவாரா? அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "நீங்கதான் பேசிப் பாக்கணும்," என்றார். புதுப் படிவம் வந்து இரண்டு மாதமாகிறது. என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்து இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. என் மகள் ஏழாவதுக்கு வந்துவிட்டாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பொம்மையார்பாளையம் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தத் தாள்ல என்னம்மா எழுதின?"

சொன்னேன்.

"இவ்ளோதானா?" என்றாள். "இத வீட்டுலயே சொல்லியிருந்தா ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணியிருப்பேன்ல. அந்த மேடம் எதிர்ல உனக்கு அசிங்கமா போச்சு."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நல்லா படிக்கிறன்னு காட்டக் கூட்டிக்கிட்டுப் போகலடி. உனக்குப் படிக்க வரலன்னு காட்டத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அப்பதான் உனக்கு ஒரு டீச்சர் குடுப்பாங்க," என்றேன்.

திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. எனக்கு ஏதோ சின்னக் கணக்குக்கூடத் தெரியவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம்? எனக்குப் படிக்க வரலன்னு நானே சொல்லியிருப்பேனே. சாரும் கேக்கல, அந்த மேடமும் கேக்கல. நீ கூட கேக்கலையேம்மா, அடிச்சதான?"